கையொப்பம் கடலுக்கு அப்பால் இருந்தபோது

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவுக்குள் இரண்டு பெண்கள், கணவன்மார் கடலுக்கு அப்பால் இருக்க, ஆளுக்கொரு போரைப் பிள்ளைகளோடு கடந்திருக்கிறோம். என் மாமிக்கு, அதாவது என் கணவரின் தாய்க்கு, வாய்த்தது 1942 முதல் 1945 வரையான யப்பான்காரன் சண்டை. மாமா அப்போது கோலாலம்பூரில் மலாயாப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தார். எனக்கு வாய்த்தது 1990 ஜூன் மாதம் தொடங்கிய சண்டை. இவர் சவூதி அரேபியாவின் தம்மாமில் ஒரு மின்நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி இளையவர்கள் என்னிடம் கேட்கும்போது செல் விழுந்ததையும் பொம்பர் வந்ததையும்தான் கேட்கிறார்கள். அவற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். வீட்டின் பொறுப்பு முழுவதும் ஒருத்தியின் தலையில் இருக்க, அந்த வீட்டின் கையொப்பம் மட்டும் இன்னொரு நாட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எழுதியவர்களை நான் அதிகம் காணவில்லை. ஆகையால் அதையே எழுதுகிறேன்.

இவர் விரும்பி வெளிநாடு போனவரல்லர். நாங்கள் மணமுடித்த புதிதில் கொழும்பில், வெள்ளவத்தையில், வாடகை வீட்டில் இருந்தோம். 1983 ஆடிக் கலவரத்தில் அந்த வீடும் இவருடைய வேலையும் ஒரே கிழமையில் போய்விட்டன. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியபோது எங்களிடம் உடுத்த உடுப்பும் ஒரு கைப்பையும் இருந்தன. அந்தப் பைக்குள் என் சீதனக் காணியின் பத்திரமான உறுதியும் இவருடைய தொழில் சான்றிதழ்களும் இருந்தது பெரிய புண்ணியம். சான்றிதழ்கள் இவரைச் சவூதிக்குக் கொண்டுபோயின. உறுதி என்னோடு யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டது. அந்த உறுதியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறை, மாதம் தவறாமல் பணம், கிழமைக்கு ஒரு வான்கடிதம் என்று 1990 வரை வாழ்க்கை ஓர் ஒழுங்கில் ஓடியது. இந்திய இராணுவம் இருந்த காலத்திலும் கடிதம் முற்றாக நின்றதில்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோதுதான் எல்லாம் ஒன்றாக அறுந்தன. யாழ்தேவி புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. பலாலி இராணுவ முகாமைச் சுற்றியிருந்த ஊர்களின் சனம் தெற்கு நோக்கி நகர்ந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த என் மச்சாளின் குடும்பம் ஒரு மாட்டு வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஐந்து பேருக்கு உலை வைத்த குசினியில் பதினொரு பேருக்கு உலை ஏறியது. இவருக்கு எழுதி, கேட்டு, பதில் பெற்று அவர்களை ஏற்றுக்கொண்டிருக்க முடியாது. இவருடைய சொந்தத் தமக்கை என்பதால் அதில் கேள்விக்கும் இடமில்லை. ஆனால் யாருக்கு எந்த அறை, யார் எவ்வளவு அரிசிக்குக் காசு தருவது, மச்சாளின் கணவருக்கு வேலையில்லாதபோது அவரிடம் காசு கேட்கலாமா என்பவை எல்லாம் கேள்விகள்தாம். அவற்றை நான் தீர்மானித்தேன். மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை. என்னைவிட அவர் மூத்தவர், அந்த வீட்டில் பிறந்தவர். இன்றைக்கும் எங்களிடையே ஒரு சிறு குளிர்ச்சி உண்டென்றால் அதன் வேர் அந்த ஆண்டில் இருக்கிறது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அதுவரை நான் இருந்த ஊரில் சண்டை, இவர் இருந்த ஊரில் சம்பளம் என்றுதான் எங்கள் கணக்கு இருந்தது. குவைத்தில் வேலை செய்த இலங்கையர் பல்லாயிரக்கணக்கில் பாலைவனம் கடந்து ஓடுகிறார்கள் என்று வானொலி சொல்லத் தொடங்கியதும் அந்தக் கணக்கு குலைந்தது. தம்மாம், சவூதியின் கிழக்குக் கரையில், குவைத்துக்குத் தெற்கே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே தஹ்ரான் விமானத்தளம். 1991 ஜனவரி 17 ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் ஈராக்கைத் தாக்கத் தொடங்கிய பின்னர் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் அந்தப் பக்கமாகவும் வந்தன.

பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லை ஒருவர் மிதியால் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்போம். யாழ்ப்பாணத்தில் அப்போது பலர் வீட்டிலும் அதுதான் வழக்கம். மச்சாளின் மூத்த மகன் மிதிப்பான், நான் காதை வைத்துக் கேட்பேன், அவன் களைத்தால் செய்தி மங்கும். இரவு பீபீசி தமிழோசை, பகலில் வெரித்தாஸ். ஒரே செய்தியறிக்கையில் முதலில் வளைகுடாப் போர் வரும், பிறகு எங்களுடைய போர் வரும். 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி தஹ்ரானில் அமெரிக்கப் படையினரின் தங்குமிடத்தின் மேல் ஸ்கட் விழுந்து 28 பேர் இறந்த செய்தியை அப்படித்தான் கேட்டேன். இறந்தவர்கள் படையினர் என்று அறிவிப்பாளர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் அந்த ஊரில் மின்நிலையம் எங்கே, தங்குமிடம் எங்கே, விமானத்தளம் எங்கே என்று எனக்கு என்ன தெரியும்? மூன்று நாளில் அந்தப் போர் நின்றது. இவர் உயிரோடு இருக்கிறார் என்ற கடிதம் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அதுவும் தாக்குதலுக்கு முன்னர் எழுதியது. அதற்குப் பிந்திய கடிதம் வந்த பின்னர்தான் எனக்குச் சோறு இறங்கியது.

இவர் பக்கத்திலும் இதே நிலைதான். “யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சு” என்று மட்டும் அங்கே செய்தி வரும்; எந்த ஊர், எந்தத் தெரு என்று வராது. யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையிடப்பட்டிருந்த மாதங்களில் பட்டினப் பகுதியில் குண்டு விழாத நாள் குறைவு என்றாலும், கோண்டாவில் பட்டினத்திலிருந்து சற்று விலகியது. அந்தத் தூரத்தின் பொருள் வானொலிக்குத் தெரியாது. பயந்துபோய் இவர் எழுதிய கடிதம் ஒன்றில், உடனே பங்கர் வெட்டவேண்டும், அது கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, ‘எல்’ வடிவில் இருக்கவேண்டும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருந்தார். பொறியியல் படித்த மனிதர் அல்லவா, அளவுகள் எல்லாம் அங்குலத்தில் இருந்தன. அந்தக் கடிதம் வந்தபோது எங்கள் பங்கரின் மேல் புல் முளைத்திருந்தது.

பங்கர் வெட்டிய கதையில் ஒன்றை மட்டும் சொல்லலாம். எங்கள் ஊரில் செம்மண் சில அடிகள்தான். அதன் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்கு துள்ளித் திரும்பும். ஆழம் போகாது என்பதால் மேலே கனமாக மூடவேண்டியிருந்தது. தென்னங்குற்றி போதாமல், நின்றுபோன புகையிரதப் பாதையின் சிலிப்பர்க்கட்டைகளை ஊரார் கழற்றிக்கொண்டு போனபோது எங்கள் வீட்டுக்கும் சில வந்தன. மாமி அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “புகையிரதப் பகுதிச் சம்பளத்திலை கட்டின வீடு, பிள்ளை. கடைசியிலை அதின்ரை கட்டைக்குக் கீழைதான் இருக்கவேணும் போலை” என்றார்.

மாமியைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பட்டவற்றில் பாதியை அவர் ஏற்கெனவே பட்டிருந்தார்.

மலாயாவில் அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவர்கள் பிள்ளைப்பேற்றுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மனைவியை ஊருக்கு அனுப்புவது அந்நாளைய வழக்கம். மாமி 1940 இல் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்காக வந்தார். மாமா 1942 இல் விடுமுறையில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. 1942 ஜனவரி 11 ஆம் திகதி கோலாலம்பூர் யப்பானியரிடம் விழுந்தது, பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. அதோடு கடிதமும் மணியோடரும் ஒரே நாளில் அறுந்தவைபோல நின்றன. எனக்குக் கடிதம் பிந்தியது. மாமிக்கு மூன்றரை ஆண்டுகள் கடிதமே வரவில்லை. மாமா இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாமல் குங்குமம் வைப்பதா விடுவதா என்று ஊரில் சிலர் வாய்க்கு வந்தபடி பேசியதையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சயாம் – பர்மா மரண ரயில் பாதை வேலைக்கு மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள் என்பது போர் முடிந்த பின்னரே இங்கே தெரிந்தது. முன்னரே தெரிந்திருந்தால் எப்படித் தாங்கியிருப்பேனோ என்று மாமி சொல்வதுண்டு.

பர்மாவும் விழுந்ததால் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. கூப்பன் அரிசியைப் பகிர்வதற்கென்றே ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கக்கடைகள் பெருகின. என் காலத்தில் நான் வரிசையில் நின்ற சங்கக்கடை முறை மாமியின் போரில் பெருகியது. எங்கள் தலைக்கு மேலே பறந்த விமானங்களுக்கு அடித்தளமான பலாலி விமானத்தளமும் அதே போரில் பிரித்தானியர் அமைத்ததுதான். ஒரு போர் அடுத்ததற்கு இப்படிச் சாமான் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறது.

எனவே 1990 இல் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் மறைந்தபோது மாமி பதறவில்லை. பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியில் துணி தோய்க்கக் காட்டித் தந்தவர் அவர். பூராயமாக ஆராய்ந்தே அவர் எதையும் விடுவார்: சங்கக்கடையில் மா கொடுத்தால் வாங்கு, சீனி கொடுத்தால் வாங்கி வை, தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி போதும், புழுக்கொடியலை விற்காதே, ஒடியல் மாவைப் பானையில் போட்டு வாயைக் கட்டு, முருங்கையை வெட்ட விடாதே. மண்ணெண்ணெய் விளக்கில் மட்டும் அவருடைய அனுபவம் உதவவில்லை. எங்கள் காலத்தில் மண்ணெண்ணெய் பொன்விலை விற்றபடியால், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் திரியைக் கோத்து எரிக்கும் விளக்கைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் என் மகள் பெருக்கல் வாய்ப்பாடு படித்தாள். மாமி அந்த விளக்கைக் கடைசிவரை மதிக்கவில்லை. “இது விளக்கோ, மின்மினியோ?” என்பார்.

இனி உறுதிக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கென்று ஒரு வழமைச் சட்டம் உண்டு: தேசவழமை. 1707 இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் தொகுத்தார்கள். பின்னர் 1911 இல் வந்த கட்டளைச் சட்டம், மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே தனிச் சொத்து என்று கூறியது. அதே மூச்சில், அவளுடைய அசையாச் சொத்தை, அதாவது காணியையோ வீட்டையோ, கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவள் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்றும் கூறியது. நகைக்கு அந்தக் கட்டில்லை. தாய் தந்தையர் எனக்குச் சீதனமாக எழுதிய காணி என் பெயரில் இருக்கிறது, வரி நான் கட்டுகிறேன், வேலி நான் அடைக்கிறேன். விற்பதற்கு மட்டும் தம்மாமிலிருந்து கையொப்பம் வரவேண்டும். அமைதிக் காலத்தில் இது யாருக்கும் உறைக்காது. கணவனும் மனைவியும் உறுதி எழுதும் நொத்தாரிசின் முன்னால் சேர்ந்து போய் இருப்பார்கள், இரண்டு கையொப்பமும் விழும், தேநீர் வரும். ஆண்கள் பாதிப்பேர் கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு சமூகம் இந்தச் சட்டத்தோடு ஒரு போருக்குள் போனால்தான் அதன் பற்கள் தெரியும்.

1991 இன் பிற்பகுதியில் என் தம்பியை வெளிநாடு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. வயது பதினெட்டு. அந்த வயதுப் பையனை வீட்டில் வைத்திருப்பதன் பொருள் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு விளங்கும். அம்மாவிடம் காசில்லை, அப்பா இறந்துவிட்டார். ஏழாலையில் எனக்குத் தந்த தோட்டக் காணியை வாங்க ஓர் ஆள் காசோடு நின்றார். நொத்தாரிசு உறுதியைப் படித்துவிட்டு, கணவர் நேரில் வரவேண்டும், அல்லது அவருக்காகக் கையொப்பமிடும் அதிகாரத்தை இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவமாக எழுதி அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, சட்டம் அதுதான். தூதரகம் ரியாத்தில்; தம்மாமிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். என் கடிதம் முதலில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற வேண்டும். அப்போது பூநகரியையும் இராணுவம் பிடித்துச் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட, கொழும்புக்குப் போகிறவர்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படிப் போன ஒருவரின் கையில் கடிதத்தைக் கொடுத்து, கொழும்பில் தபாலில் சேர்க்கச் சொன்னேன்.

காணி வாங்க வந்தவர் எத்தனை நாள் பொறுப்பார்? தம்பியை அனுப்பும் முகவர் எத்தனை நாள் பொறுப்பார்? மாமியிடம் ஆலோசனை கேட்டேன். மாமி எல்லாவற்றிலும் என் பக்கம் நின்றார் என்று எழுதினால் அது பொய்யாகும். “அது உன்ரை தாய்வீட்டு அலுவல். தம்பியைக் கேளாமல் ஒண்டும் செய்யாதை” என்றார், அவருக்குத் தம்பி என்பது தன் மகன், என் கணவர். நான் கேட்டு எழுதியாயிற்று, பதில்தான் இல்லை என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் கேளாமலே, தன்னுடைய 1943 ஐச் சொன்னார்.

அந்த ஆண்டில் அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மணியோடர் நின்று ஓராண்டுக்கு மேலாகியிருந்தது, கடன் ஏறியிருந்தது. சீதனக் காணியில் நான்கு பரப்பை ஈடு வைக்க நினைத்து நொத்தாரிசிடம் போனார். கணவனின் சம்மதம் எங்கே என்று அன்றும் கேட்டார்கள். கணவன் யப்பானியரின் ஆட்சிக்குள் இருக்கிறார். அப்படியானால் இன்னொரு வழி உண்டு என்று நொத்தாரிசு சொன்னார்: கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, அவன் இருக்கும் இடம் தெரியாதிருந்தாலோ, மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுக்கொடுத்து அனுமதி பெறலாம். சட்டத்தில் அந்த வழி உண்மையாகவே இருக்கிறது. மாமி மனுவை எழுதுவிக்கச் சம்மதித்து, எழுதியதை வாசிக்கக் கேட்டார். “மேற்படி கணவரின் இருப்பிடம் மனுதாரருக்குத் தெரியாது” என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டார். அவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியும், கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ், புகையிரதக் குவாட்டேர்ஸ் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். காப்புகளைக் கழற்றி விற்றார். காணியை வாய்ப்பேச்சில் வாரத்துக்குக் கொடுத்து, புகையிலை நடாதே, குரக்கனும் மரவள்ளியும் நடு, விளைச்சலில் பாதியைக் கொண்டுவா என்று ஒழுங்கு செய்தார். குழந்தை பிழைத்தது. அந்தக் குழந்தைதான் பின்னர் காங்கேசன்துறையிலிருந்து மாட்டு வண்டியில் வந்த என் மச்சாள்.

இந்தக் கதையை மாமி எனக்கு அனுமதியாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று நான் இன்றும் தீர்மானிக்கவில்லை. நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். தாலிக்கொடியைத் தவிர மற்றைய நகைகளை அடைவு வைத்துத் தம்பியை அனுப்பினேன். அவன் சுவிற்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபின், இவருடைய பதில் வந்தது: நகைகளில் கைவைக்க வேண்டாம், அவை மகளுக்கு உரியவை, காணியையே கொடு, அற்றோணித் தத்துவத்துக்கு ரியாத் போக விடுமுறை கேட்டிருக்கிறேன். நல்ல மனத்தோடு, என் தம்பிக்காக, இவர் எழுதிய கடிதம் அது. அதை வாசித்து எனக்கு வந்த கோபத்துக்கு இவர் எந்த விதத்திலும் பொறுப்பில்லை. இவருடைய ஒவ்வொரு பதிலும் நியாயமாகவே இருந்தது. கேள்விதான் அதற்குள் வேறாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, செய்ததை எழுதத் தொடங்கினேன். ஒரு கொப்பியில் வரவு செலவும், தீர்மானித்தவையும், ஏன் அப்படித் தீர்மானித்தேன் என்பதும் திகதியோடு எழுதி வைத்தேன். நகைகளை மீட்க முடியாமல் போய்விட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தம்பி பவுண் கணக்கில் திருப்பித் தந்தான்.

1993 இல் மகனுக்குக் குடல்வால் அழற்சி வந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 1990 இன் பிற்பகுதியிலிருந்து அந்த ஆஸ்பத்திரி சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பு வலயமாக இருந்தது. சத்திரசிகிச்சைக் கூடம் ஜெனரேற்றரில் இயங்கியது. சம்மதப் படிவத்தை நீட்டிய தாதி, “தகப்பன் வரேல்லையோ?” என்று கேட்டார். சவூதியில் என்றேன். “அப்ப நீங்களே வையுங்கோ” என்று இயல்பாகச் சொல்லிப் பேனையைத் தந்தார். பிள்ளையின் வயிற்றைக் கீற என் கையொப்பம் போதும், இரண்டு பரப்புத் தோட்டத்தை விற்கப் போதாது. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி இதை நினைத்து நான் சிரித்ததைக் கண்டு பக்கத்தில் இருந்தவர் பயந்துபோனார்.

வெளிநாட்டுக்காரன் பெண்சாதி என்ற பட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இவருடைய சம்பளம் கொழும்பு வங்கியில் சேர்ந்துகொண்டிருந்தது உண்மை. அது என் கைக்கு வருவதற்குக் கொழும்பிலிருந்து வரும் யாராவது மடியில் கட்டிக்கொண்டு கிளாலி கடக்கவேண்டும். நம்பிக்கையான ஆள் வேண்டும், அவருக்கு ஒன்றும் நடக்காமலிருக்க வேண்டும். பணம் வரும் மாதம் உண்டு, வராத மாதங்கள் அதிகம். ஊருக்கு இது விளங்காது. கோயில் திருவிழா உபயமா, வாசிகசாலைக் கூரையா, செத்தவீட்டுச் செலவா, முதலில் எங்கள் படலைதான் திறக்கும். இல்லையென்று சொன்னால் நம்பமாட்டார்கள். மச்சாளுடைய பிள்ளைகளும் என்னுடைய பிள்ளைகளும் ஒரே கஞ்சியைக் குடிக்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்களும் நம்பவில்லை. அந்த ஆண்டுகளில் மற்ற எதையும்விட என்னைக் களைக்க வைத்தது இதுதான் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. இவர் வேலையை முடித்துக்கொண்டு மாசியில் வந்து சேர்ந்தார். வந்த மனிதரைக் கண்ட மகிழ்ச்சியை எழுதத் தேவையில்லை. அதற்கடுத்த மாதங்களின் உரசல்களை யாரும் எழுதுவதில்லை. வீட்டில் யாராவது “ஐயாவைக் கேட்கவோ, அம்மாவைக் கேட்கவோ” என்று தயங்கினால், இவருடைய முகம் மாறும். நான் வாயைத் திறக்குமுன் “அம்மாவைக் கேள்” என்று இவர் சொன்னால், எனக்கு முகம் மாறும். கொப்பியைக் கொடுத்தேன். இரண்டு இரவு ஜாம் போத்தல் வெளிச்சத்தில் முழுவதையும் வாசித்தார். தோட்டத்தை வாரத்துக்குக் கொடுத்த விகிதத்தில் மட்டும் குறை கண்டார். அதில் அவர் சொன்னது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். நகை அடைவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாமா 1946 இல் மலாயாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது காப்பைப் பற்றி இப்படித்தான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம் என்று மாமி தன்பாட்டில் சொன்னார்.

ஏப்ரலில் போர்நிறுத்தம் முறிந்தது. ஒக்ரோபர் 30 ஆம் திகதி இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கூட்டத்தில், இவர் சைக்கிளில் மாமியை இருத்தித் தள்ள, நான் பிள்ளைகளையும் உறுதிப் பையையும் பிடித்துக்கொண்டு போனேன். அந்த இரவைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு மாதம் இருந்துவிட்டு 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது, கோண்டாவில் வீட்டில் கூரையில் பாதியும் கதவு யன்னல்களும் இல்லை, சுவர் இருந்தது.

கூரை போட்டு முடித்ததும் இவர் என்னை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போனார். தன் பெயரிலிருக்கும் காணிக்கும் கொழும்பு வங்கிக் கணக்குக்கும் என்னைத் தன் அற்றோணியாக நியமித்துக் கையொப்பமிட்டார். வீட்டுக்கு வந்து அந்தப் பத்திரத்தை மாமியிடம் காட்டினோம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்திரையையும் கையொப்பத்தையும் பார்த்துவிட்டு மகனைக் கேட்டார்: “ஏன் தம்பி, திரும்பவும் எங்கையும் போகப்போறியோ?”

“இல்லை அம்மா, இனிப் போகேல்லை.”

“அப்ப இது ஏன் இப்ப?” என்றார் மாமி. “போகேக்கையெல்லோ எழுதித் தந்திட்டுப் போயிருக்கவேணும்.”